வின்செஸ்டர் வீட்டின் சரக்கறையில் ஒரு நிமிடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சின்ன நிகழ்வுதான். மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். 67 வயதுப் பெண் ஒருவர், கணவர் இறந்து 14 மாதம் ஆனபின், கலிபோர்னியாவில் பேய் வீடு என்று பெயர் வாங்கிய ஒரு பழைய மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே ஒரு அறையில், கணவர் தன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதாக உணர்ந்தார். அவர் என் அத்தை. இரண்டடி தள்ளி நின்றது நான்.

மென்பொருளில் பிழை தேடுவது என் பிழைப்பு. ஏதாவது நடந்தால் உடனே எழுதிவைப்பது, யார் என்ன சொன்னார்கள், எந்த வரிசையில் சொன்னார்கள் என்று பிரிப்பது கைப்பழக்கமாகிவிட்டது. அன்று இரவே குறிப்பு எடுத்தேன். எட்டு நாள் கழித்து மறுபடி கேட்டும் எழுதினேன். அத்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எம் பேரு மட்டும் வேணாம்" என்றார்.

வீடு

சான் ஹோசே நகரில் சந்தனா ரோ கடைத்தெருவுக்கு நேர் எதிரே இருக்கிறது வின்செஸ்டர் வீடு. ஒரு பக்கம் காபிக் கடைகளும் விலை உயர்ந்த செருப்புக் கடைகளும், சாலையைத் தாண்டினால் கோபுரமும் கூம்புக் கூரையுமாக 160 அறைகள். இந்தப் பக்கத்துத் தமிழர்கள் ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், அப்புறம் இது என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம்.

கட்டியவர் சாரா வின்செஸ்டர். வின்செஸ்டர் துப்பாக்கிக் கம்பெனி வீட்டு மருமகள். 1862-ல் வில்லியம் வின்செஸ்டரைக் கல்யாணம் செய்தார். 1866 ஜூனில் ஆனி என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. உடம்பில் எதுவும் ஒட்டாமல் இளைத்துக்கொண்டே போய் ஆறு வாரத்திற்குள் இறந்தது. அதன்பின் குழந்தை இல்லை. 1880-ல் அம்மா போனார், அந்த ஆண்டு கடைசியில் மாமனார் போனார், 1881 மார்ச்சில் காசநோயில் கணவரும் போனார். ஒரு வருட இடைவெளிக்குள் மூன்று சாவு. சில வருடம் கழித்து அமெரிக்காவின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு வந்து, 1886-ல் எட்டு அறை கொண்ட ஒரு பண்ணை வீட்டை வாங்கி, அதை இழுத்து இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

மீதிக் கதை உலகத்துக்கே தெரியும். பாஸ்டனில் ஆவிகளோடு பேசுபவர் ஒருவர், "துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகள் உன்னைத் துரத்துகின்றன, மேற்கே போய் வீடு கட்டு, கட்டுவதை நிறுத்தினால் சாவாய்" என்று சொன்னாராம். அதனால் 38 வருடம் இரவும் பகலும் சுத்தியல் சத்தம் ஓயவில்லையாம். ஆவிகளைக் குழப்பத்தான் கூரையில் முட்டும் படிக்கட்டாம், திறந்தால் அந்தரத்தில் விழும் கதவாம்.

நன்றாக இருக்கிறது. சான்றுதான் இல்லை. சாராவின் கடிதங்களையும் கணக்குகளையும் தேடிப் படித்து 2010-ல் அவர் வாழ்க்கையை எழுதிய வரலாற்றாசிரியர் மேரி ஜோ இக்னோஃபோவுக்கு அந்த பாஸ்டன் ஆவி பேசுபவர் அகப்படவே இல்லை. வேலையும் ஓயாமல் நடக்கவில்லை. நடுநடுவே ஆட்களை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருந்திருக்கிறார் சாரா. அந்தரக் கதவுக்கும் முட்டுப் படிக்கட்டுக்கும் பெரும் காரணம் 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கம். ஏழு மாடிக் கோபுரம் இடிந்தது. உடைந்ததை அப்புறப்படுத்தினார்களே தவிர, பல இடங்களில் திரும்பக் கட்டவில்லை. மாடம் போய்விட்டது, அதற்குப் போகும் கதவு மட்டும் நின்றுவிட்டது. அந்த வீட்டின் மர்மத்தில் பாதி, முடிக்காமல் விட்ட கொத்து வேலையும் தச்சு வேலையும்தான்.

சாரா 1922 செப்டம்பர் 5-ல் இறந்தார். 1923-லேயே அந்த வீட்டைக் காட்டிக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வருடம் கூடப் பொறுக்கவில்லை. ஒரு விதவை தன் பணத்தில் தன் இஷ்டத்துக்கு ஒரு வீட்டைக் கட்டினாள் என்றால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

அத்தை

அத்தை காரைக்குடிப் பக்கம். மாமா மர வேலை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பழைய பர்மா தேக்கு நிலைகளையும் கதவுகளையும் பழுது பார்த்து எண்ணெய் பூசி மெருகேற்றுவதில் கைதேர்ந்தவர். உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் வீட்டுத் திண்ணையில் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். அவர் சட்டையில் எப்போதும் லின்சீடு ஆயிலும் மரத்தூளும் பீடியும் கலந்த ஒரு வாசனை. சின்ன வயதில் என்னைத் தூக்கும்போது அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்துவேன்.

மாரடைப்பில் ஒரு காலையில் போய்விட்டார். தலைத் திவசம் முடிந்து இரண்டு மாதத்தில் அத்தையை இங்கே கூட்டிவந்தோம். வந்து ஆறாவது நாள் இந்த நிகழ்வு.

ஆய்வுக்குத் தேவைப்படும் சில விவரங்கள். சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, பல வருடமாக அதே மாத்திரை. காய்ச்சல் இல்லை. கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்த கண்கள். தூக்கம் மட்டும் ரொம்ப மோசம். இந்தியாவுக்கும் இங்கேக்கும் அக்டோபரில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தது மாலை 3 மணி. அத்தையின் உடம்புக்கு அது அதிகாலை மூன்றரை.

என்ன நடந்தது

அத்தையிடம் பேய் வீடு என்று நான் சொல்லவில்லை. "பழைய பெரிய வீடு அத்தை, மரத்துலயே கட்டினது" என்று மட்டும் சொன்னேன். வழிகாட்டிப் பெண் பேசியது ஆங்கிலம். அத்தைக்கு அது அவ்வளவாகப் புரியாது. முன்கூட்டியே பயம் ஏற்றப்படவில்லை, சுத்தமான சோதனை என்று பின்னால் நான் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தேன். அப்புறம் என் மகனிடம் கேட்டால், டிக்கெட் வரிசையிலேயே "பாட்டி, இது கோஸ்ட் ஹவுஸ், பேய் வரும்" என்று அவன் சொல்லிவிட்டிருக்கிறான். 11 வயது. போச்சு.

முதல் அரை மணி நேரம் அத்தை பேயைப் பார்க்கவில்லை, வேலைப்பாட்டைப் பார்த்தார். தரையில் பதித்த மரத்துண்டுகளைக் குனிந்து தடவினார். ஒரு கதவின் இணைப்பைப் பார்த்து, "ஆணி அடிக்காம பொருத்திருக்கான் பாரு" என்றார். ஏழு திருப்பம் திரும்பி 44 படி ஏறி, முடிவில் ஒன்பதடி உயரம் மட்டுமே போகும் படிக்கட்டு ஒன்று அங்கே இருக்கிறது. ஒவ்வொரு படியும் இரண்டரை அங்குலம்கூட இருக்காது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆவிகளைக் குழப்புவதற்கோ என்று யாரோ கேட்டார்கள். அத்தை இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏத்தா, இது முட்டிவலிக்காரிக்குக் கட்டுன படி."

சாராவுக்குக் கடுமையான மூட்டுவாதம் இருந்தது. அந்தப் படிகள் அதற்காகத்தான். வழிகாட்டியும் அதைத்தான் அடுத்த வாக்கியத்தில் சொன்னார். மொழி தெரியாத அத்தைக்கு அது முழங்காலில் தெரிந்திருக்கிறது.

சரக்கறைக்கு வந்தபோது சுமார் 3.45. சாரா வாங்கிக் குவித்து, கடைசிவரை பொருத்தாமலே விட்ட சாமான்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. வண்ணக் கண்ணாடி சன்னல்கள், கதவுகள், லிங்க்ரஸ்டா என்ற புடைப்புச் சித்திரச் சுவர்த்தாள் சுருள்கள். வெளிச்சம் குறைவு. காற்றோட்டமும் குறைவுதான். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. அத்தை நகரவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் பொருட்களின் பக்கம். பிறகு தலையை லேசாக இடது பக்கம் சாய்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்:

"வந்துட்டீகளா?"

எனக்குக் கை மயிர் நின்றது. மறைப்பானேன். என்னிடம் கேட்டதில்லை அது. என்னை அவர் 'நீ' என்பார்.

ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, "போவமா" என்றார். மீதிச் சுற்றில் ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறி, பெல்ட் போட்டபின்தான்: "உங்க மாமா வந்து நின்னாக."

இரண்டு வாக்குமூலங்கள்

அன்று இரவு அவர் சொன்னது இவ்வளவுதான். முதலில் வாசனை வந்தது. மாமாவின் சட்டை வாசனை, பீடி உட்பட. பிறகு இடது தோளுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. பார்க்கவில்லை. சத்தம் கேட்கவில்லை. தொடவில்லை. பயம் இல்லை. "திரும்புனாப் போயிருவாகன்னு திரும்பல."

எட்டு நாள் கழித்துச் சொன்னதில் மாமா ஒரு தடவை செருமினார். தோளில் கை வைத்தார். அறையில் குளிர் அடித்தது.

பொய் சொல்லவில்லை அத்தை. இடைப்பட்ட எட்டு நாளில் ஊரில் இருக்கும் தங்கைகளோடு மூன்று தடவை வாட்ஸாப்பில் பேசியிருக்கிறார். "கை வச்சாகளாக்கா?" "குளுந்துச்சா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்ததை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். கேள்வி கேட்டால் ஞாபகம் பதில் தயாரிக்கும். பாஸ்டன் ஆவி பேசுபவரும் ஓயாத சுத்தியலும் நூறு வருடத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். எட்டு நாளில் ஒரு செருமலும் ஒரு கையும் முளைத்தன என்றால் நூறு வருடத்தில் 38 வருடச் சுத்தியல் சத்தம் முளைப்பது பெரிய விஷயமில்லை. ஆகவே இனி நான் ஆராய்வது முதல் வாக்குமூலத்தை மட்டும்: வாசனை, பின்னால் ஆள், பயமின்மை.

தள்ளிவிட முடிந்தவை

பேய் வீட்டு ஆராய்ச்சி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நச்சு வாயு. 1921-ல் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார். 1912-ல் பெரிய பழைய வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். தலைவலி, நடமாடும் காலடிச் சத்தம், கட்டில் பக்கத்தில் உருவங்கள், வாடிப்போகும் செடிகள். கடைசியில் குற்றவாளி, புகை கசிந்த சூடேற்றும் உலை. கார்பன் மோனாக்சைடு. அத்தை விஷயத்தில் இது ஒட்டாது. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தலைவலியோ மயக்கமோ இல்லை, அத்தைக்கும் இல்லை. வந்தது ஒரே நிமிடம்.

அடுத்து, காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி. 1998-ல் விக் டாண்டி என்ற பொறியாளர், இங்கிலாந்தில் தன் ஆய்வகத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றை ஓரக்கண்ணால் கண்ட கதையை எழுதினார். புதிதாக மாட்டிய ஒரு மின்விசிறி ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸில் அறையையே அதிர வைத்துக்கொண்டிருந்தது என்பது அவர் கண்டுபிடிப்பு. படிக்க அருமையான கட்டுரை. ஆனால் 2009-ல் லண்டனில் கிறிஸ் ஃபிரெஞ்ச் குழுவினர் வேண்டுமென்றே ஒரு 'பேய் அறை' கட்டி, தாழொலியையும் மின்காந்தப் புலத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு 79 பேரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பலர் விசித்திர அனுபவம் சொன்னார்கள். ஆனால் கருவி ஓடியதற்கும் அதற்கும் சம்பந்தம் தெரியவில்லை. 'இங்கே ஏதாவது நடக்கலாம்' என்று முன்பே சொன்னதே போதுமாக இருந்திருக்கும் என்பதே அவர்கள் முடிவு. என் மகன் டிக்கெட் வரிசையில் செய்த வேலை.

மருத்துவக் காரணத்தைத் தள்ளிவிடும் முன் யோசிக்கத்தான் வேண்டும். பார்கின்சன் நோயிலும், லூவி உடலங்கள் சார்ந்த மறதி நோயிலும் 'பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள்' என்ற உணர்வு சாதாரணமாக வரும். வயதானவர் இப்படிச் சொன்னால் "பேய்" என்றோ "பிரமை" என்றோ முடித்துவிடாமல் நடை, கை நடுக்கம், மறதி, தூக்கத்தில் கத்துவது எல்லாம் கவனிக்கத்தக்கவை. அத்தையிடம் ஒன்றும் இல்லை. என் தோழிகளின் செல்போன் எண்களையெல்லாம் இரண்டு நாளில் மனப்பாடமாகச் சொல்கிறார். ஊருக்குத் திரும்பியதும் மருத்துவரிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

பின்னால் நிற்பவர்

2006-ல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்க் குழுவினர், வலிப்பு நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட 22 வயதுப் பெண் ஒருவரின் மூளையில், இடது பொட்டுமடலும் உச்சிமடலும் சந்திக்கும் இடத்தில் மின்தூண்டல் கொடுத்தார்கள். உடனே அவருக்குப் பின்னால் ஒரு நிழல் ஆள் தோன்றினான். அவர் படுத்தால் அவனும் படுத்தான், உட்கார்ந்தால் அவனும் உட்கார்ந்தான். நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று மூளை போடும் கணக்கு அந்த இடத்தில் கூட்டப்படுகிறது. கணக்கு சற்றே பிசகினால் நம் உடம்பையே இன்னொருவர் உடம்பாக உணர்கிறோம். 2014-ல் அதே குழு, மின்தூண்டல் இல்லாமலே இதைச் செய்து காட்டியது. கண்ணைக் கட்டிய ஆளின் கையசைவை ஒரு இயந்திரக் கை அவர் முதுகில் அரை நொடி தாமதமாகத் திருப்பிச் செய்தது. சிலருக்கு அறையில் வேறு ஆட்கள் இருப்பதாகத் தோன்றிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு.

தூக்கமில்லாத உடம்பு, மங்கல் வெளிச்சம், 45 நிமிட நடைக்குப் பின் ஒரு கையால் கம்பியைப் பிடித்து அசையாமல் நிற்பது. பின்னால் 'ஒரு ஆள்' வந்ததற்கு இது போதும் என்று வைத்துக்கொள்ளலாம். 'மாமா' வந்ததற்குப் போதாது.

அதற்கு வாசனை வேண்டும்.

லிங்க்ரஸ்டா சுவர்த்தாள் எதனால் ஆனது தெரியுமா? கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெயில் மரத்தூள் கலந்த கூழ். 1877-ல் ஃபிரெடரிக் வால்டன் கண்டுபிடித்தது. லினோலியத் தரை விரிப்பைக் கண்டுபிடித்தவரும் அவரே. ஆளிவிதை எண்ணெய்க்கு நம் தச்சர்கள் சொல்லும் பெயர்தான் லின்சீடு ஆயில். அன்று இரவு இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அத்தை நின்ற இடத்துக்கு எதிரே மாமாவின் சட்டையே சுருள் சுருளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்திருக்கிறது.

ரொம்பவும் துள்ள வேண்டாம். 120 வருடத்துக்கு முன்பு இறுகிப்போன எண்ணெய் இன்றும் மணக்குமா என்பது சந்தேகமே. ஆனால் அந்த வீடு முழுக்க மரம். பராமரிப்பு வேலையும் நடந்துகொண்டே இருக்கிறது, எங்காவது மெருகு பூசிக்கொண்டேதான் இருப்பார்கள். நானும் அந்த அறையில் பழைய மரமும் எண்ணெயுமாக ஏதோ ஒன்றை முகர்ந்தேன். எனக்கு அது பழைய வாசனை, அவ்வளவுதான். மற்ற புலன்களைப்போல நடுவில் ஒரு நிலையத்தில் நின்று வராமல், வாசனை மூக்கிலிருந்து உணர்ச்சியும் நினைவும் வேலை செய்யும் பகுதிகளுக்கு ஏறக்குறைய நேராகவே போகிறது. மாமாவோடு 44 வருடம் வாழ்ந்த மூக்குக்கு எண்ணெயும் மரத்தூளும் கிடைத்தன. பீடி அங்கே இருந்திருக்க வழியே இல்லை. அதை அத்தையின் மூளை போட்டு நிரப்பியிருக்கிறது.

நான் எதிர்பார்க்காதது

இதோடு அறிக்கையை முடித்திருப்பேன். இரண்டாவது தடவை பேசும்போதுதான், ஒரு நல்ல பிழைதேடி முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அத்தை, இதுக்கு முன்னாடி எப்பவாவது மாமா வந்திருக்காங்களா?"

"தெனமும்."

நான் பேசவில்லை. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விடிகாலையில் திண்ணைப் பக்கம் இழைப்புளி இழுக்கிற சத்தம் கேட்குமாம். காபி ஆற்றும்போது பின்னால் வந்து நிற்பாராம். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கும்போது வரமாட்டாராம். அதுதான் அத்தைக்குப் புரியவே இல்லை. இது 14 மாதமாக நடக்கிறது. மகனிடம் சொல்லவில்லை, மருமகளிடம் சொல்லவில்லை, தங்கைகளிடமும் இல்லை. "சொன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாக. இல்லாட்டி மூளை ஆசுபத்திரி." விமானம் ஏறியதிலிருந்து ஐந்து நாளாக வரவில்லை. இவ்வளவு தூரம் வரத் தெரியாதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த சரக்கறையில் கேட்ட "வந்துட்டீகளா"வின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

வேல்ஸ் நாட்டின் கிராமப்புற மருத்துவர் டேவி ரீஸ், தன் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் நேரில் பேசி 1971-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருந்தது. 39 சதவீதம் பேர் அருகில் இருப்பதை உணர்ந்தார்கள், 14 சதவீதம் பேர் பார்த்தார்கள், 13 சதவீதம் பேர் குரல் கேட்டார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. என்னை நிறுத்தியது வேறொரு எண்: அனுபவம் வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர், ரீஸ் கேட்கும்வரை ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பேரும் காபி ஆற்றிக்கொண்டே சும்மா இருந்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, கணவரை விபத்தில் இழந்த 20 பெண்களிடம் டோக்கியோவில் பேசியவர்களுக்கு 18 பேர் "அவர் இருப்பது தெரிகிறது" என்றார்கள். அங்கே வீட்டிலேயே முன்னோர் மாடம் இருக்கிறது. தினமும் அதன்முன் சோறு வைத்துப் பேசலாம், யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். நமக்கும் மாலை போட்ட படம் இருக்கிறது, படையல் இருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பவர் சமையலறைக்கு வருகிறார் என்று சொல்ல மட்டும் இடமில்லை.

துக்கம் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வையே முடக்கிப்போட்டால் அதை ஒரு கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022 முதல் தன் கையேட்டில் சேர்த்திருக்கிறது. அத்தைக்கு அது பொருந்தாது. சாப்பிடுகிறார், சிரிக்கிறார், என் வீட்டு இட்லி மாவைக் குறை சொல்கிறார். இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்வது மட்டுமே நோய் ஆகாது.

ஆக என் முடிவு இது. வீட்டுக்குள் மாமாவைக் கொண்டுவந்தது வீடு இல்லை. அவரைக் கூடவே கொண்டுவந்தவர் அத்தை. தூக்கக் கலக்கமும் எண்ணெய் வாசனையும் கதவைத் தட்டியிருக்கலாம். வீடு செய்த ஒரே உபகாரம், அங்கே ஆவியைப் பற்றிப் பேசினால் யாரும் மந்திரிக்கக் கூட்டிப்போக மாட்டார்கள் என்பது. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த எல்லோரும் பேசுவதே அதைத்தான். சாராவின் பெட்டகத்தை அவர் இறந்தபின் திறந்தபோது புதையல் இல்லை, கணவர், குழந்தையின் இரங்கல் செய்தித் துண்டுகளும் கொஞ்சம் குழந்தை முடியும்தான் இருந்தன என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அதை அத்தைக்கு மொழிபெயர்த்தேன். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, பேயி கீயின்னுக்கிட்டு" என்றார்.

ஒரு சோதனை

கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். சரியா தப்பா தெரியவில்லை. மர சாமான் கடையில் ஒரு டப்பா லின்சீடு ஆயில் வாங்கி வந்து, அத்தை மத்தியானம் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது, சொல்லாமல் பின்பக்க மேசையில் மூடியைத் திறந்து வைத்தேன். என் கணக்குப்படி வாசனை மூக்குக்குப் போனதும் மாமா வர வேண்டும்.

பத்து நொடி ஆகியிருக்காது. "யாரு லின்சீடு ஆயில் தொறந்தது?"

"மாமா வாசனை வருதா அத்தை?"

"ஆயில் வாசனை வருது. ஆளு வேற, ஆயில் வேறத்தா." எழுந்து வந்து டப்பாவைத் தூக்கி விலையைப் பார்த்தார். இவ்வளவா என்றார். பிறகு என் சாப்பாட்டு மேசை நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவை காய்ந்து வெளுத்துக் கிடப்பது அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்திருக்கும். பழைய பனியன் துணி ஒன்று கேட்டார்.

சாயங்காலம் வரை நான்கு நாற்காலி. ரேகைப் போக்கில்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பூசியதில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுக்கும். எல்லாவற்றுக்கும் "உங்க மாமா சொல்வாக" என்று ஒரு முன்னொட்டு. மாமா எந்த வீட்டில் எந்தக் கதவுக்கு எத்தனை நாள் பூசினார், எந்த வீட்டில் கூலி பாக்கி வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முடிந்ததும் துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

"சுருட்டிப் போடாத தாயி, தானாத் தீப்பிடிச்சுக்கும். விரிச்சுக் காயப்போடு."

உண்மைதான். இந்த எண்ணெய் காய்வதே காற்றோடு வினைபுரிந்து சூடாகித்தான். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டால் பற்றிக்கொள்ளும். வெளியே வேலிமேல் துணியை விரித்துப் போட்டேன். அத்தை வாசலில் நின்று ஒரு நாற்காலியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளைக்கு இரண்டாவது கோட்டு அடிக்க வேண்டும் என்றார்.